ராஜபாளையம்: ஒரு பஞ்சு ஊரின் கதையும், ஓ.பி. சீட்டில் இல்லாத ஒரு கேள்வியும்

1/
புண்ணுக்குக் கட்டுப் போட அரசு மருத்துவமனைக்குப் போயிருக்கீங்களா? சிஸ்டர் வெட்டி மடிச்சு வைப்பாங்களே ஒரு வெள்ளை வலைத்துணி, அதுக்குப் பேரு காஸ். அது எந்த ஊர்ல நெய்ததுன்னு யோசிச்சிருக்கீங்களா?

ராஜபாளையத்துக்குப் பக்கத்துல சத்திரப்பட்டின்னு ஒரு ஊர் இருக்கு. அங்கேயும் சுத்துப்பட்டு ஊர்கள்லயும் நெய்யுற பேண்டேஜ் துணி நாடு முழுக்கப் போகுது, வெளிநாட்டுக்கும் போகுது. உங்க காயத்தைக் கட்டினது எங்க பக்கத்துத் தறியா இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு.

2/
சரி, அந்தத் துணியை நெய்யுறவங்க, அதுக்கு நூல் நூற்குறவங்க நுரையீரல் எப்படி இருக்கு?

இந்தக் கேள்வியைக் கேட்க டாக்டரான எனக்கே ரொம்ப வருஷம் ஆச்சு. அதைப் பத்தித்தான் இந்த த்ரெட். முதல்ல ஊர்க்கதை, அப்புறம் ஒரு நோயாளியின் கதை, கடைசியா நீங்க செய்ய வேண்டியது. கொஞ்சம் நீளம். பொறுமையா வாசிங்க.

3/
மதுரையில இருந்து திருமங்கலம் வழியா கொல்லம் போற ரோட்டுல வந்தா, மேற்குத் தொடர்ச்சி மலை வலது பக்கம் கூடவே வரும். முதல்ல வர்றது ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்ல ராஜபாளையம்.

ஒரு ஊர்ல வீடு, இன்னொரு ஊர்ல வேலைன்னு இருக்குறவங்க ஏராளம். மாவட்டத் தலைநகர் விருதுநகர்னாலும், மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூர்லதான். அதனால கேஸுன்னா ராஜபாளையத்துக்காரர் இங்க வரணும். மில் வேலைன்னா ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் அங்க போகணும்.

4/
ரெண்டுல மூத்தது ஸ்ரீவில்லிபுத்தூர். பன்னிரு ஆழ்வார்கள்ல பெரியாழ்வாரும் ஆண்டாளும் பிறந்த ஊர். பதினோரு நிலை ராஜகோபுரம். ஆடிப்பூரத் தேர். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின பால்கோவா.

தமிழ்நாடு அரசு முத்திரையில இருக்குறது எங்க கோபுரம்தான்னு இந்த ஊர்க்காரங்க சொல்லுவாங்க. இல்ல, அது மீனாட்சி கோயில் மேலக்கோபுரம்னு மதுரைக்காரங்க சொல்லுவாங்க. அந்தப் பஞ்சாயத்துக்கு நான் வரல. அரசு டாக்டர்ங்கிறதால தினமும் அந்த முத்திரை போட்ட பேப்பர்லதான் எழுதுறேன், அவ்வளவுதான்.

5/
டாக்டர்களுக்குப் பிடிச்ச ஒரு சாமியும் இங்க உண்டு. மடவார்வளாகம் வைத்தியநாத சுவாமி. சிவனே இங்க வைத்தியர். பிரசவ வலியில வழியில தவிச்ச பொண்ணுக்கு, அவ தாயோட உருவத்துல வந்து பிரசவம் பார்த்தார்னு தலபுராணம். திருமலை நாயக்கருக்கு வயித்து வலி தீர்த்ததாவும் சொல்லுவாங்க.

அந்தக் கதையில எனக்குப் பிடிச்சது ஒண்ணுதான். வைத்தியர், நோயாளி கிடக்குற இடத்துக்கே போனார். இதைக் கடைசியில திரும்பத் தொடுறேன்.

6/
இப்ப ராஜபாளையம். விஜயநகர, நாயக்கர் காலத்துல தெலுங்கு நாட்டுல இருந்து தெற்கே வந்த ராஜுக்கள் அமைச்ச பாளையம்ங்கிறதுதான் பேரு. இன்னைக்கும் பல வீடுகள்ல தெலுங்குதான் பேச்சு. பழையபாளையம், புதுப்பாளையம், சக்கராஜாக்கோட்டைன்னு இருக்குற தெருப் பேர்களைக் கேட்டாலே ஊர் எப்படி வளர்ந்துச்சுன்னு தெரிஞ்சிடும்.

வெளியூர்ல ராஜபாளையம்னு சொன்னா முதல்ல நாயைப் பத்தித்தான் கேப்பாங்க. வெள்ளை நிறம், ரோஸ் மூக்கு. 2005-ல் தபால்தலையிலேயே வந்த நாய். எங்களுக்கு அதுல பெருமைதான். ஆனா ஊருக்குச் சோறு போட்டது நாய் இல்ல.

7/
வழக்கமா எப்படி? பழைய பெரிய ஊர் ஒண்ணு இருக்கும், பக்கத்துல புதுசா வந்தது அதோட புறநகரா ஒட்டிக்கிட்டுக் கிடக்கும். இங்க நடந்தது தலைகீழ். 2011 கணக்கெடுப்புல ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சியில சுமார் 75 ஆயிரம் பேர். ராஜபாளையத்துல சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம் பேர்.

தம்பி அண்ணனைத் தாண்டி வளர்ந்ததுக்குப் பெரிய காரணம் பஞ்சு.

8/
மலையடிவாரத்துல தண்ணி. கிழக்கே போகப் போக கரிசல் மண்ணு, பருத்தி நல்லா விளையும் பூமி. விருதுநகர்ல இருந்து தென்காசிக்குப் போற ரயில் பாதையும் ரெண்டு ஊர் வழியாவே போகுது.

1936-ல் பி.ஏ.சி.ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸை ஆரம்பிச்சார். இன்னைக்கு ராம்கோன்னு நாம சொல்ற குழுமத்தோட தொடக்கம் அதுதான். அதுக்கப்புறம் ஜின்னிங், நூற்பாலை, விசைத்தறின்னு ஒண்ணைப் புடிச்சு ஒண்ணு வந்து ஊரே பஞ்சு ஊராச்சு.

9/
அரசியல்லயும் இந்த ஊருக்கு ஒரு பக்கம் உண்டு. ராஜபாளையத்துக்காரர் பி.எஸ்.குமாரசாமி ராஜா, 1949-ல் இருந்து 1952 வரைக்கும் சென்னை மாகாண முதலமைச்சர். 1950 ஜனவரி 26, நாடு குடியரசான அன்னைக்கு நம்ம முதலமைச்சர் அவர்தான். அப்புறம் ஒரிசா கவர்னரா இருந்தார். தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துட்டார்.

இதை எதுக்குச் சொல்றேன்னா, இது ஏதோ ஒரு ஓரத்து ஊர் இல்ல. தொழிலும் அதிகாரமும் பொதுக்காரியமும் ஒரே இடத்துல இருந்த ஊர்.

10/
மில் வந்ததும் ஊரோட நேரமே மாறிப்போச்சு. மூணு ஷிப்ட். நடுராத்திரியிலயும் டீக்கடையில கூட்டம் நிக்கும். ஷிப்ட் முடிஞ்சு வர்றவங்க தலைமுடியில, புருவத்துல, காது மடல்ல பஞ்சு ஒட்டியிருக்கும். பஸ்ல பக்கத்துல உட்கார்ந்தாலே தெரியும், இவர் மில்லுலேர்ந்து வர்றார்னு.

புருவத்துல ஒட்டினதை நாம பார்க்குறோம். மூச்சு வழியா உள்ள போனதை யாரும் பார்க்குறதில்ல.

11/
அந்தப் பஞ்சு வெறும் நோயைக் கொடுக்கல. அதையும் நேர்மையா சொல்லணும். மழையை நம்பியிருந்த பூமியில மாசச் சம்பளம்னு ஒண்ணைக் கொடுத்தது அதுதான். நம்ம பிள்ளைகளைப் படிக்க வச்சது அதுதான். தளவாய்புரத்துல நைட்டி, சத்திரப்பட்டியில பேண்டேஜ்னு வீட்டுப் பொம்பளைங்க கையில காசு பார்த்ததும் அதனாலதான்.

மில் வேண்டாம்னு சொல்ல நான் வரல. எந்த ஒரு மில்லையும் குத்தம் சொல்லவும் வரல. அதை நல்லா மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

12/
இப்ப ஆஸ்பத்திரிக்கு வருவோம். அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

நாப்பத்தெட்டு வயசுக்காரர். ரெண்டு வருஷமா அப்பப்ப வருவார். மூச்சு இழுப்பு, நெஞ்சு இறுக்கம், வறட்டு இருமல். பீடி பழக்கம் உண்டு. சளிப் பரிசோதனையில டி.பி. இல்ல. எக்ஸ்ரேல பெருசா ஒண்ணும் இல்ல. நெபுலைசர் வைப்போம், சரியாகும், போயிடுவார். ஒவ்வொரு தடவையும் நான் சீட்டுல எழுதினது ஒரே வார்த்தை: வீசிங். கூடவே ஒரு அட்வைஸ்: பீடியை விடுங்கண்ணே.

13/
ஒரு நாள் ராத்திரி டூட்டியில அவர் மறுபடி வந்தார். நெபுலைசர் ஓடிக்கிட்டு இருக்கும்போது, பக்கத்துல நின்ன அவர் மனைவி சாதாரணமா ஒரு வார்த்தை சொன்னாங்க.

"லீவு நாள்ல நல்லாத்தான் இருப்பாக சார். லீவு முடிஞ்சு மில்லுக்குப் போற அன்னைக்குத்தான் இவுகளுக்கு இப்படி இழுக்குது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எம்.பி.பி.எஸ். மூணாவது வருஷத்துல சமூக மருத்துவப் புத்தகத்துல படிச்ச ஒரு பத்தி அது. பரீட்சைக்கு ரெண்டு மார்க் கேள்வி. அதை ஒரு படிக்காத அம்மா எனக்கு ஞாபகப்படுத்துறாங்க.

14/
"அண்ணே, மில்லுல என்ன வேலை?"

"கார்டிங் சார். இருபத்திரண்டு வருஷம் ஆச்சு."

ரெண்டு வருஷத்துல இந்தக் கேள்வியை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்ல. பேரு, வயசு, ஊரு எல்லாம் சீட்டுல இருந்துச்சு. என்ன வேலைங்கிறது மட்டும் இல்ல. ஆயிரக்கணக்கானவங்க பஞ்சுல வேலை பார்க்குற ஊர்ல உட்கார்ந்துகிட்டு நான் அதைக் கேக்கல. இது என் தப்பு. கூட்டம், நேரமில்லைன்னு சமாதானம் சொல்லலாம். ஆனாலும் தப்புதான்.

15/
அந்த நோய்க்குப் பேரு பிசினோசிஸ். பஞ்சுத்தூசியால வர்ற நுரையீரல் நோய்.

பஞ்சோட சேர்ந்து செடியோட இலைத்துணுக்கு, காய்ந்த சருகு, அதுல இருக்குற பாக்டீரியாவோட நச்சு எல்லாமே தூசியா பறக்கும். அது மூச்சுக்குழாயைச் சுருக்கிடும். பொதி பிரிக்கிற புளோ ரூம்லயும் கார்டிங்லயும்தான் தூசி அதிகம். நூலா மாறி கோன்ல சுத்துற கட்டத்துக்கு வரும்போது தூசி குறைஞ்சிடும். அதனாலதான் 'மில்லுல வேலை'ங்கிற பதில் மட்டும் போதாது. எந்த டிபார்ட்மென்ட்னும் தெரியணும்.

16/
இதோட அடையாளம் விசித்திரமானது.

ஆரம்பத்துல, வார லீவு முடிஞ்சு வேலைக்குப் போற முதல் நாள் மட்டும் நெஞ்சு இறுகும். மறுநாள் சரியாயிடும். சில வருஷம் போனா, ரெண்டாம் நாள், மூணாம் நாளும் இருக்கும். அப்புறம் எல்லா நாளும். கடைசியில லீவு போட்டாலும், வேலையையே விட்டாலும் மூச்சு திரும்பாது.

ஆரம்பக் கட்டத்துல தூசியில இருந்து விலகினா பெரும்பாலும் சரியாகும். முத்திப்போனா நிரந்தரம். நடுவுல இருக்குற அந்த வருஷங்களைத்தான் நான் 'வீசிங்'னு எழுதி வீணாக்கினேன்.

17/
இன்னொரு சிக்கல். இதுக்குன்னு எக்ஸ்ரேல தனி அடையாளம் கிடையாது. நோயாளி பீடி குடிக்கிறவரா இருந்தா, பழி பீடிமேல போயிடும். பீடி இந்த நோயை இன்னும் மோசமாக்கும்ங்கிறது உண்மை. ஆனா பஞ்சுத்தூசியைப் பீடி மறைச்சிடக் கூடாது.

கண்டுபிடிக்க வழி இருக்கு. ஊதிப் பார்க்குற டெஸ்ட், ஸ்பைரோமெட்ரி. லீவு முடிஞ்ச முதல் நாள், ஷிப்டுக்கு முன்னாடி ஒரு தடவை, முடிஞ்சதும் ஒரு தடவை. ஊதுற அளவு குறைஞ்சிருந்தா விஷயம் வெளிய வந்துடும். இதைவிட அவசியம், வேலையைப் பத்தின கேள்வி. அதுக்குக் காசே கிடையாது.

18/
அந்தக் கேள்வி ஒண்ணும் புதுசு இல்ல. 1700-ல் இத்தாலி மருத்துவர் ராமசினி, தொழிலாளர்களுக்கு வர்ற நோய்களைப் பத்தி ஒரு புத்தகமே எழுதினார். நோயாளிகிட்ட வழக்கமா கேக்குற கேள்விகளோட 'நீ என்ன தொழில் செய்யுற'ங்கிறதையும் சேர்க்கணும்னு அதுல சொன்னார். முந்நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு.

இங்கிலாந்தோட பஞ்சாலைப் பகுதி லங்காஷயர்ல 1950-கள்ல ஷில்லிங்ங்கிற மருத்துவர் இந்த நோயைப் படிப்படியா வகைப்படுத்தினார். அமெரிக்கா 1978-ல் பஞ்சுத்தூசிக்கு அளவு வச்சு விதி போட்டுச்சு. ஆலைத்தரப்பு கோர்ட்டுக்குப் போனாங்க. 1981-ல் உச்ச நீதிமன்றம் விதி செல்லும்னு சொல்லிடுச்சு.

19/
நம்ம நாட்டுல சட்டம் இல்லையா? இருக்கு.

1948-ம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்துல, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்கள்னு ஒரு பட்டியல் இருந்துச்சு. அதுல பிசினோசிஸும் இடம்பெற்றது. வைத்தியம் பார்க்குற டாக்டரே எழுத்துல தெரிவிக்கணும்னு சொன்ன சட்டம் அது. ஈ.எஸ்.ஐ. சட்டத்தோட தொழில்நோய்ப் பட்டியல்லயும் இது இருந்துச்சு. அதாவது, வேலையால வந்த நோய்னு நிரூபணமானா இழப்பீட்டுக்கு வழி உண்டு.

ஆனா சீட்டுல 'வீசிங்'னு இருந்தா எந்தச் சட்டமும் உதவாது. நாங்க எழுதுற ஒரு வார்த்தையிலதான் அவரோட உரிமை நிக்குது.

20/
இனிமேதான் கஷ்டமான பகுதி.

நான் அவர்கிட்ட எல்லாத்தையும் விளக்கினேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு டெஸ்டுக்கு எழுதித் தர்றேன்னு பேனாவை எடுத்தேன். அவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டார்.

"மில்லுன்னு எழுதாதீங்க சார். தெரிஞ்சா நிப்பாட்டிருவாக. பிள்ளை காலேஜ் ரெண்டாவது வருசம் படிக்குது."

எந்தப் பாடப்புத்தகத்துலயும் இதுக்குப் பதில் இல்ல.

21/
அன்னைக்கு நான் எழுதினேன். ஆனா அவர்கிட்ட சொல்லிட்டுத்தான் எழுதினேன். இந்தச் சீட்டு உங்க கையிலதான் இருக்கும், யார்கிட்ட காட்டணும்னு நீங்க முடிவு பண்ணுங்க, ஆனா நாளைக்கு ஒரு தேவைன்னு வந்தா எழுதி வச்சது மட்டும்தான் பேசும்னு சொன்னேன்.

நாலு மாசம் ஆளைக் காணோம். அப்புறம் ஒரு நாள் பி.பி. மாத்திரைக்கு வந்தார். ஒரு கடையில வாட்ச்மேனா இருக்கார். மூச்சு முன்னைக்குப் பரவாயில்ல. சம்பளம் பாதி. சந்தோஷமான முடிவான்னு கேட்டா, எனக்குச் சொல்லத் தெரியல.

22/
அதனாலதான் என் கருத்து இது: மூச்சா, சம்பளமான்னு ஒரு தொழிலாளி தனியா நின்னு முடிவெடுக்குற நிலைமை இருக்கக் கூடாது. தூசி அதிகமுள்ள டிபார்ட்மென்ட்ல இருந்து குறைவான டிபார்ட்மென்டுக்கு, அதே சம்பளத்துல, மில்லுக்குள்ளேயே மாத்தி விட முடியணும்.

"இப்ப மிஷின் எல்லாம் மாடர்ன் சார், தூசியை உறிஞ்சிடும்"னு சிலர் சொல்லுவாங்க. நவீனமான இடங்கள்ல நிலைமை முன்னைக்கு நல்லா இருக்கு, ஒத்துக்கிறேன். அப்படின்னா வருஷா வருஷம் ஊதிப் பார்க்குற டெஸ்ட் எடுக்கறதுல என்ன தயக்கம்? டெஸ்ட் நல்லா வந்தா அது மில்லுக்குத்தானே நல்ல பேரு.

23/
சத்திரப்பட்டி மாதிரி ஊர்கள்ல இருக்குற சின்னச் சின்னத் தறிக்கூடங்கள் நிலைமை வேற. நாலு தறி, ஆறு தறி, வீட்டை ஒட்டியே ஷெட். 'தொழிற்சாலை'ங்கிற சட்ட வரையறைக்குள்ளயே பல கூடங்கள் வராது. அங்க தூசியோட இன்னொரு பிரச்சினை, தறிச் சத்தம். பல வருஷம் அந்தச் சத்தத்துல நிக்கிறவங்களுக்குக் காது மெதுவா மந்தமாகும். அந்த இழப்பு திரும்ப வராது.

ஓனரும் அதே தறியிலதான் நிக்கிறார், அவர் சம்சாரமும் அங்கதான் நிக்கிறாங்க. இங்க யாரைக் குத்தம் சொல்ல? இவங்களை அரசு தேடிப் போய்த்தான் பார்க்கணும்.

24/
அதுக்கு வழி ஏற்கெனவே இருக்கு. 2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவத்துல பி.பி., சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே போகுது. 2024-ல் தொழிலாளர்களைத் தேடி மருத்துவம்னு வேலை பார்க்குற இடத்துக்கே போய்ப் பரிசோதிக்கிறதும் ஆரம்பிச்சாச்சு. நல்ல திட்டம். எங்க பகுதியில அதோட ஒரு ஊதிப் பார்க்குற மிஷினும், ஒரு காது டெஸ்டும் சேர்ந்து போகணும்.

2022 ஜனவரியில விருதுநகர்ல அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தாச்சு. பஞ்சு, தீப்பெட்டி, பட்டாசுன்னு தொழிலாலேயே வாழுற மாவட்டம் இது. தொழில்நோய்களுக்குன்னு அங்க வாரம் ஒரு நாள் தனி ஓ.பி. கேக்குறது பேராசை இல்ல.

25/
என் சக டாக்டர்களுக்கு: மூச்சுத்திணறல்னு வர்றவர்கிட்ட ரெண்டு கேள்வி. என்ன வேலை? லீவு நாள்ல எப்படி இருக்கு? பத்து விநாடிக்கு மேல ஆகாது. ஓ.பி. சீட்டுல தொழிலுக்குன்னு ஒரு கட்டம் வர்ற வரைக்கும் நாமளே ஓரத்துல எழுதி வைப்போம்.

26/
உங்களுக்கு, அதாவது மில்லுலயோ தறியிலயோ வேலை பார்க்குறவங்களுக்கும் வீட்டுக்காரங்களுக்கும்:

டாக்டர் கேக்கலைன்னா நீங்களே சொல்லுங்க. என்ன வேலை, எந்த டிபார்ட்மென்ட், எத்தனை வருஷம், எந்த நாள்ல மூச்சு மோசம்.

ரெண்டு வாரத்துக்கு மேல இருமல்னா எல்லாத்தையும் பஞ்சுமேல போட்டுடாதீங்க. முதல்ல சளிப் பரிசோதனை. டி.பி.யா இருந்தா அரசு மருத்துவமனையில இலவசமா முழுசா குணமாக்கலாம்.

மூக்குல துண்டு கட்டினா நுண்ணிய தூசி நிக்காது. முகத்தோட ஒட்டி நிக்குற நல்ல மாஸ்க் கேளுங்க. தறியில நின்னா காதுக்கு அடைப்பான் கேளுங்க.

ஷிப்ட் முடிஞ்சு காத்து பைப்பால உடம்புல ஒட்டின பஞ்சை அடிச்சு விடாதீங்க. அடிச்சது மறுபடி மூச்சுக்குள்ளதான் போகும்.

பீடி, சிகரெட்டை விடுங்க. பஞ்சோட புகையும் சேர்ந்தா நுரையீரல் தாங்காது.

சீட்டு, டெஸ்ட் ரிப்போர்ட், ஈ.எஸ்.ஐ. அட்டை எதையும் தூக்கிப் போடாதீங்க.

27/
மடவார்வளாகத்துச் சாமியைக் கடைசியில தொடுறேன்னு சொன்னேன். அவர், நோயாளி தன்கிட்ட வரட்டும்னு உட்கார்ந்திருக்கல. என்னால கார்டிங் டிபார்ட்மென்டுக்குப் போக முடியாது. ஒரு கேள்வியால அதுவரைக்கும் போக முடியும். அந்தம்மா சொல்லாம இருந்திருந்தா நான் இன்னமும் 'வீசிங்'னுதான் எழுதிக்கிட்டு இருப்பேன்.

28/
நேத்து ஒரு சின்னப் பையனுக்கு முழங்கால்ல தையல் போட்டேன். கட்டுப் போட பேண்டேஜ் உருளையைப் பிரிச்சேன். பஞ்சுல இயற்கையா ஒரு மெழுகு இருக்கும், அதைக் கொதிக்க வச்சு வெளுத்து எடுத்தாதான் துணி ரத்தத்தை உறிஞ்சும். அதுக்கு முன்னாடி எத்தனை பேர் கை, எத்தனை பேர் மூச்சு அதுல போயிருக்கும்னு இப்பல்லாம் யோசிக்காம இருக்க முடியல.

உங்க ஊர்ல என்ன தொழில்? அதனால என்ன நோய் வருது? கமெண்ட்ல சொல்லுங்க. பஞ்சுல வேலை பார்க்குற ஒருத்தருக்காவது இதை அனுப்பி வைங்க.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு வரும்போது, நாங்க கேக்க மறந்தாலும், என்ன வேலை பார்க்குறீங்கன்னு சொல்லிடுங்க.